சிறு குத்துக்கோடு

ஆறாவது முறையாக அதே விளம்பரத்தை எழுதுகிறேன்.
முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர், ஒருவர்.
கணினி உயிரியல், புற்றுநோய் மரபணுத்தொகுதி.
இரண்டு ஆண்டுகள்.
நிதி கிடைத்தால் மூன்றாவது.
கிடைத்தால் என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போடத்
தோன்றும் ஒவ்வொரு முறையும். போட்டதில்லை.

பெர்கனில் மழை பெய்யும் என்று எழுத வேண்டியதில்லை.
அது தெரியாமல் இங்கே யாரும் விண்ணப்பிப்பதில்லை,
குட்டாய்ஸியிலிருந்து வந்த நூத்ஸாவைத் தவிர.
முதல் நாள் துணிச்செருப்போடு வந்தாள்.
ஹீட்டர் மேல் அவை ஆவிவிட்டுக்கொண்டிருக்க
வெறுங்காலோடு சம்மணமிட்டு
நாற்பத்தொரு கட்டிகளைத் திரையில் திறந்தாள்.
நான்கே எழுத்துகள், முந்நூறு கோடி இருக்கைகள்.
எங்கே எது மாறி உட்கார்ந்திருக்கிறது
என்று பார்ப்பதுதான் வேலை.
விளம்பரத்தில் இதற்கு
‘உற்சாகமான சூழல்’ என்று பெயர்.

பாதி மாற்றங்கள் பொய்.
இயந்திரத்தின் உளறல்,
மெழுகில் பன்னிரண்டு ஆண்டு கிடந்த திசுவின் சலிப்பு.
ஒருமுறை, ஒரு சூலகக் கட்டியில்
ஒய் குரோமோசோம் கண்டாள்.
மூன்று வாரம் தூங்கவில்லை.
கடைசியில் அது ஐவிந்த்:
அந்தக் குழாயைத் தொட்ட ஒரே ஆண்,
அன்று அவன் கையுறை கிழிந்திருந்ததாம்.
கேக் வாங்கி வந்து மன்னிப்புக் கேட்டான்.
கேக்கைத் தின்றாள், மன்னிக்கவில்லை.

முப்பத்தொன்றாம் எண்ணை மட்டும் அவள் விடவில்லை.
அதன் பிறழ்வுகளைக் கிளைகளாக அடுக்கி,
கிளைகளைக் கொம்புகளில் சேர்த்து,
அடிமரத்துக்கு இறங்கினாள்.
முதல் எழுத்து பிசகியபோது
அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம்.
வயிறு வலித்தது அறுபத்தொன்றில்.
‘இதற்கு யாரும்
இரண்டாண்டு ஒப்பந்தம் தரவில்லை’ என்றாள்,
திரையைவிட்டுக் கண் எடுக்காமல்.

அட்டவணையின் கடைசிப் பத்தியில்
ஒன்று என்றால் இறந்தார்.
சுழியம் என்றால், இறந்ததாக நமக்குத் தெரியாது.
சுழியத்துக்கு எங்கள் துறையில் சென்சார் என்று பெயர்.
யாரும் எதையும் வெட்டவில்லை.
நாட்டைவிட்டுப் போனார்,
அல்லது ஆய்வுக்காலம் தீர்ந்தது.
படிப்படியாக இறங்கும் கோட்டில் அந்த இடத்தில்
சிறு குத்துக்கோடு ஒன்று போடுவோம்.
இதுவரை இருந்தார். அவ்வளவே சொல்லலாம்.
முப்பத்தொன்று ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்தவர்,
வெயிலுக்காக இருக்கும்.

பத்தொன்பதாம் மாதம் விண்ணப்பங்கள் தொடங்கின:
உப்சாலா, லைடன், மெல்போர்ன்.
ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே காண்கிறீர்கள்
என்று ஒரு படிவம் கேட்டது.
அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு
‘எந்தப் பத்தியில்?’ என்று கேட்டாள்.
நான் காபி போடப் போய்விட்டேன்.

சென்ற மார்ச்சில் பதிவேடு புதுப்பித்து வந்தது.
முப்பத்தொன்று திரும்பிவிட்டார்.
ஸ்டவாங்கரில், உயிரோடு, எழுபதாம் வயதில்.
கோட்டை வலப்பக்கம் இழுத்தேன்,
நான்கு விரற்கடை.
படம் முழுதும் கொஞ்சம் மாறியது,
கட்டுரையின் முடிவு மாறவில்லை.

நூத்ஸாவுக்கு எழுதினேன்.
அப்படி ஒரு முகவரி இல்லை என்று
நொடியில் பதில்.
ஒப்பந்தம் முடியும் நள்ளிரவில்
கணக்கைத் தானாக மூடும் நிரல் உண்டு,
எழுதியவள் நான்தான், முன்னொரு நிதிக்காலத்தில்.
லைடனில் இருக்கிறாள் என்கிறான் ஐவிந்த்.
ஊர் திரும்பி வங்கியில் சேர்ந்தாள் என்கிறாள் தூருன்.
எனக்கு எது நடந்திருந்தாலும் சரி என்று படுகிறது,
உண்மையில் சரியில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாள், மே பதினைந்து.
இணைக்க வேண்டியவை: இரு பரிந்துரைகள்,
வெளியீடுகளின் பட்டியல்.
அடியில் ஒரு வரி சேர்க்கிறேன்:
தண்ணீர் புகாத காலணி கொண்டுவரவும்.
மனிதவளப் பிரிவு அதை எடுத்துவிடும்.
எடுக்கட்டும், இருக்கும்வரை இருக்கும்.